பூசணி விளக்கு



பூசணிக்காயில் முகம் எழுதுவது நமக்குப் புதிய செய்தி அன்று. எங்கள் மேலநீலிதநல்லூரிலும், சங்கரன்கோவிலிலும், ஏன், தமிழ்நாட்டின் எந்த ஊரிலும், புதிதாக எழும்பும் ஒரு வீட்டை நிமிர்ந்து பாருங்கள். சாரக் கம்பிலிருந்து ஒரு வெண்பூசணி தொங்கும். அதன்மேல் உருட்டு விழியும், முறுக்கு மீசையும், கோரைப் பல்லும், நீண்டு தொங்கும் நாக்கும் எழுதப்பட்டிருக்கும். வெண்பூசணியைத் திருநெல்வேலிச் சீமையார் தடியங்காய் என்பர். வழியே போவோர் பொறாமைக் கண் வீட்டின்மேல் படாமல், அந்தக் கோர முகத்தின்மேல் பட்டுக் கழியட்டும் என்பது கட்டுவோர் கருத்து.

இதே எண்ணம் கடல் கடந்த நாடுகளிலும் உண்டு. ஆண்டுதோறும் அக்டோபர் 31ஆம் நாள் இரவு, அயர்லாந்திலும் அமெரிக்காவிலும் வேறு பல நாடுகளிலும் ஹாலோவீன் என்னும் விழா நிகழ்கிறது. கிறித்தவர்கள் புனிதர் அனைவரையும் நினைக்கும் நவம்பர் முதல் நாளுக்கு முந்திய இரவு அது. அன்று பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே விளக்கேற்றி, வாசலில் வைப்பார்கள். முற்காலத்து அயர்லாந்து மக்கள் இதற்கு எடுத்துக்கொண்டது பூசணி அன்று. டர்னிப் என்னும் கிழங்கு. 19ஆம் நூற்றாண்டில் அம்மக்கள் பெருந்திரளாக அமெரிக்காவில் குடியேறினர். அங்கே கிழங்கைவிடப் பெரியதும், குடைவதற்கு எளியதுமான பூசணி அவர்கள் கைக்கு எட்டியது. பழைய முகம் புதிய காய்க்கு மாறிற்று.

அந்த மஞ்சள் பூசணி அமெரிக்க மண்ணுக்கே உரியது. மெக்சிகோ நாட்டுக் குகை ஒன்றில் கிடைத்த அதன் இன விதைகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமை உடையவை. நம் நாட்டில் அதற்குப் பரங்கிக்காய் என்றும் ஒரு பெயர் வழங்குகிறது. பரங்கி என்பது ஐரோப்பியரைக் குறித்த சொல் அன்றோ? கப்பலேறி வந்த வரலாற்றை அந்தக் காய் தன் பெயரிலேயே சுமந்துகொண்டிருக்கிறது. வெண்பூசணியோ நம் ஆசியக் கண்டத்துக் கொடி. இருவேறு நிலத்துக் கொடிகள், இருவேறு மக்கள், ஆயினும் வாசலைக் காக்க இருவரும் நாடியது ஒரு பூசணியின் முகத்தையே. நாம் அதன்மேல் வண்ணத்தால் எழுதுகிறோம். அவர்கள் வெட்டி எடுக்கிறார்கள். வேறுபாடு இவ்வளவே.

ஆனால், எழுதுவதற்கும் வெட்டுவதற்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. எழுதியது பிழையானால் அழித்து எழுதலாம். வெட்டியது பிழையானால் ஒட்ட முடியாது. ஆகவே, வெட்டுகிறவன் கத்தியை எடுக்குமுன் ஒரு கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ‘வெட்டிய பிறகு எஞ்சி நிற்பது என்ன?’ என்பதே அக்கேள்வி. இன்று நான் சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றியதே.

இக்கேள்வியைக் கற்பிப்பதற்கு ஸ்டென்சிலைப் போன்ற ஆசிரியர் வேறில்லை. தாளிலோ தகட்டிலோ உருவத்தை வெட்டித் துளையாக்கி, அத்துளை வழியே மையையோ பொடியையோ செலுத்தி, அடியில் உருவத்தைப் பதிப்பதே ஸ்டென்சில். இது மிகப் பழைய கலை. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலே ஒரு குகைச் சுவரில் யாரோ ஒருவர் தம் கையை வைத்து, சுற்றிலும் செந்நிறக் குழம்பைத் தெளித்து, கையை எடுத்துவிட்டார். கையின் வடிவம் சுவரில் நின்றுவிட்டது. அத்தகைய பதிவுகளுள் ஒன்று குறைந்தது 39,000 ஆண்டுப் பழமை உடையது என 2014ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். மனிதனின் கையே முதல் ஸ்டென்சில் எனலாம்.

அவ்வளவு தொலைவு போக வேண்டுவதில்லை. மார்கழிச் சந்தையில் விற்கும் கோல அச்சு ஒரு ஸ்டென்சிலே. தட்டில் துளைகள், மேலே மாவு, ஒரு தட்டுத் தட்டினால் தரையில் தாமரை. வடக்கே மதுராவிலும் பிருந்தாவனத்திலும் தாளை நுண்ணிதின் வெட்டி, வண்ணப் பொடி தூவிக் கண்ணன் கதைகளைத் தரையில் தீட்டும் சாஞ்ஜீ என்னும் கலை இன்றும் வாழ்கிறது. சேலையில் பூவேலை செய்வோரைக் கவனித்திருக்கிறீர்களா? மெல்லிய தாளில் பூவின் கோடுகளை ஊசியால் குத்தித் துளைத்து, அதைத் துணிமேல் விரித்து, வண்ணப் பொடியைத் தேய்ப்பார்கள். தாளை எடுத்தால் துணியில் புள்ளி புள்ளியாகப் பூ நிற்கும். அமெரிக்க அறிஞர் எடிசன் 1876ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற மின்சாரப் பேனாவும் இதே வேலையைத்தான் செய்தது. எழுத எழுத, அதன் ஊசி தாளில் நுண்துளைகளைக் குத்திச் செல்லும். அத்தாளின்மேல் மை உருளையை உருட்டினால் படிகள் பல கிடைக்கும்.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த 1980களில், பள்ளி வினாத்தாள்கள் இந்த வழியிலேயே பெருகின. மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளைத் தட்டச்சுப் பொறியில் செருகி, மை நாடாவை விலக்கிவிட்டுத் தட்டுவார்கள். எழுத்து தாளைக் கிழித்துக்கொண்டு பதியும். ஆங்கில ‘ஓ’ எழுத்தைச் சற்று வன்மையாகத் தட்டிவிட்டால் போதும். அதன் நடுவட்டம் உதிர்ந்துபோகும். பிறகு சைக்ளோஸ்டைல் பொறியில் சுற்றும்போது, அந்த எழுத்து நின்ற இடமெல்லாம் கருப்புப் பொட்டாகவே அச்சாகும்.

நடுவட்டம் ஏன் உதிர்ந்தது? அதைச் சுற்றி முழுவதும் வெட்டப்பட்டது. பற்றிக்கொள்ள அதற்கு இடம் இல்லை. கடல் சூழ்ந்த நிலத்தைத் தீவு என்கிறோம். வெட்டுச் சூழ்ந்த பகுதியும் ஒரு தீவே. அது நிற்க வேண்டுமானால், வெட்டாமல் விட்ட சிறு பாலம் ஒன்றேனும் அதைக் கரையோடு இணைக்க வேண்டும். கோணிப்பையிலும் சரக்குப் பெட்டியிலும் தகர அச்சு வைத்து எழுதிய எண்களை உற்றுப் பாருங்கள். 1, 2, 3, 5, 7 ஆகியவை முழுமையாக இருக்கும். 0, 6, 8, 9 ஆகியவற்றில் கோடு இடையிடையே அறுந்திருக்கும். அறுந்த அந்த இடங்களே பாலங்கள். நம் தமிழ் எழுத்துகளுள் ட, ப போன்றவற்றுக்குப் பாலம் வேண்டா. க, ச, வ போன்றவற்றுக்கு வேண்டும். மற்ற எழுத்துகளை நீங்களே எழுதிப் பார்த்துப் பிரித்தறியலாம். ஜப்பானியர் துணிக்குச் சாயம் ஏற்றப் பயன்படுத்தும் தாள் அச்சுகளில், நுண்ணிய தீவுகளைத் தாங்குவதற்குப் பட்டு நூல்களைக் குறுக்கே ஒட்டினர். பாலம் கண்ணுக்குத் தெரியக்கூடாது. ஆனால் இருந்தாக வேண்டும் என்பது அவர்கள் கண்ட வழி.

இனி, பூசணி விளக்குக்கு வருவோம். பள்ளிக் கைவேலை வகுப்பில் நீங்கள் செய்து பார்க்கத்தக்க முறையில் அதைச் சொல்கிறேன்.

முதலில் காயைத் தேர்ந்தெடுங்கள். அடி தட்டையாகவும், ஒரு பக்கம் வழவழப்பாகவும், எங்கும் அழுகல் இன்றியும் இருக்க வேண்டும். மஞ்சள் பூசணி விளக்கேற்றினால் செம்பொன் நிறம் காட்டும். வெண்பூசணி நிலவு போல ஒளிரும். வெண்பூசணியானால் மேலே படிந்துள்ள சாம்பலைத் துடைத்துவிடுங்கள். இல்லையேல் தாள் ஒட்டாது. அடுத்து, காம்பைச் சுற்றி மூடி போல ஒரு துண்டை வெட்டி எடுங்கள். கத்தியை நேராக இறக்காமல், நடுவை நோக்கிச் சாய்த்து வெட்டுங்கள். நேராக வெட்டிய மூடி உள்ளே விழுந்துவிடும்; சாய்த்து வெட்டிய மூடி விளிம்பில் அமர்ந்துகொள்ளும். பிறகு விதையையும் நாரையும் கரண்டியால் சுரண்டி எடுங்கள். முகம் வரும் பக்கத்தில் மட்டும் சதையை இன்னும் சுரண்டி, சுவர் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் கனம் இருக்குமாறு செய்யுங்கள். மிகத் தடித்தால் ஒளி வராது. மிக மெலிந்தால் முகம் தளர்ந்து சரியும்.

இரண்டாவது, அச்சுத் தாள். முகத்தை ஒரு தாளில் வரைந்து, வெட்ட வேண்டிய பகுதிகளை மட்டும் கருமையாகத் தீட்டுங்கள். இப்போது அந்தக் கேள்வியைக் கேளுங்கள்: கருமை முழுவதும் போய்விட்டால் எஞ்சுவது என்ன? வெள்ளை முழுவதும் ஒன்றோடொன்று தொடர்ந்து நிற்கிறதா? கண்ணின் நடுவே நீங்கள் வரைந்த பாவை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? பற்களுக்கு வேர் எங்கே? தனித்து நிற்கும் வெள்ளையைக் கண்டால், உடனே ஒரு பாலம் வரையுங்கள். சுண்டுவிரல் அகலத்துக்குக் குறையாமல் அது இருக்கட்டும். பாவையை மேல் இமையோடு சேர்த்துவிட்டால் பாலமும் ஆயிற்று. பார்வையில் ஒரு கடுமையும் வந்துவிடும்.

மூன்றாவது, தாளைக் காய்மேல் ஒட்டுவது. இங்கே ஓர் இடர்ப்பாடு காத்திருக்கிறது. தாள் தட்டை, காய் உருண்டை. எவ்வளவு முயன்றாலும் தாள் சுருங்கி மடியும். இது உங்கள் கைக்குற்றம் அன்று. தட்டைத் தாளை உருண்டையின்மேல் மடிப்பும் கிழிப்பும் இன்றிப் படியவைக்க இயலாது என்பது கணித மேதை காஸ் 1827ஆம் ஆண்டில் நிறுவிய உண்மையிலிருந்து பெறப்படுவது. உலகப் படம் வரைவோர் அனைவரையும் வருத்தும் இடரும் இதுவே. தாளின் ஓரங்களில் ஆங்காங்கே உள்நோக்கிக் கீறிவிடுங்கள். கீறிய இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படியும்.

நான்காவது, கோடுகளைக் காய்க்கு மாற்றுவது. கவராயத்தின் முள்ளாலோ தடித்த ஊசியாலோ கோட்டின் வழியே நெருக்கமாகக் குத்திச் செல்லுங்கள். தோல் துளைபட்டால் போதும். வளைவுகளில் புள்ளிகள் மேலும் நெருங்கட்டும். தாளை எடுத்ததும், மஞ்சள் பூசணியானால் சிறிது மாவையும், வெண்பூசணியானால் கரிப்பொடியையும் தேயுங்கள். துளைகளில் பொடி தங்கி, புள்ளிகள் தெளிவாகத் தெரியும். புள்ளிக் கோலம் போடப் பழகிய மாணவியர்க்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. படத்தை மட்டும் எறிந்துவிடாதீர்கள். எந்தப் புள்ளியை எதனோடு இணைப்பது என்பதற்கு அதுவே சான்று.

ஐந்தாவதாகத்தான் கத்தி வருகிறது. குத்துவது வரை சிறுவர் செய்யலாம்; வெட்டும் வேலை மூத்த மாணவர்களும் ஆசிரியர்களும் செய்ய வேண்டியது. அகலம் குறைந்த சிறு வாளோ, பல்லுள்ள சிறு கத்தியோ போதும். அழுத்தித் தள்ளாமல், மேலும் கீழுமாக மெல்ல அறுக்க வேண்டும். பிடித்திருக்கும் கை, கத்தி செல்லும் வழியில் இருத்தலாகாது. வெட்டுக்கும் ஒரு வரிசை உண்டு. நடுவில் உள்ள சிறிய வெட்டுகள் முதலில். ஓரத்தில் உள்ள பெரிய வெட்டுகள் கடைசியில். பெரிய வாயை முதலில் வெட்டிவிட்டால் காயின் வலிமை குறைந்துபோகும். பிறகு மூக்கை வெட்டும்போது முகம் முழுவதும் அசையும். வெட்டிய துண்டை வெளியிலிருந்து பிடுங்காமல், உள்ளிருந்து விரலால் மெல்லத் தள்ளுங்கள். எச்சரிக்கையை மீறி ஒரு பல் முறிந்துவிட்டதா? கலங்க வேண்டா. ஓர் ஈர்க்குச்சியை ஒடித்து இரு பக்கத்திலும் செருகிப் பொருத்துங்கள்.

பிறகு உள்ளே ஓர் அகல் விளக்கு. மூடியில் ஒரு துளை வேண்டும். கண், வாய் வழியே புதிய காற்று உள்ளே வரும். சூடேறிய காற்று மேலே போகும். வழி அடைபட்டால் விளக்கு அணையும். அல்லது மூடி கருகும். ஓலைக் கூரை, திரைச்சீலை, காகிதத் தோரணம் ஆகியவற்றின் அருகே வைக்கலாகாது. மின்கலத்தில் எரியும் சிறு விளக்கு இன்னும் நல்லது. மின்விளக்கை அணைத்துவிட்டு இருளில் பாருங்கள். நீங்கள் வெட்டிய இடமெல்லாம் ஒளி. வெட்டாமல் விட்ட இடமெல்லாம் நிழல். இரண்டும் சேர்ந்துதான் முகம்.

மாணவர்களே, இதுவரை கேட்ட கேள்வியை இனித் தாளுக்கு வெளியிலும் கேட்போம். குடைந்தெடுத்த சதை எங்கே? அது சமையலறைக்குப் போக வேண்டும். வெட்டி வைத்த காய் நம் வெயிலில் விரைவில் கெட்டுவிடும். ஆதலால் விளக்கு வைக்குமுன்பே சதையை எடுத்துக்கொள்ள வேண்டும். வெண்பூசணிச் சதையில் மோர்க்குழம்பும், கூட்டும், காசி அல்வாவும் ஆகும். மஞ்சள் பூசணியின் விதையை வறுத்துத் தின்னலாம். முற்றிய காயின் விதையாக இருந்தால் கழுவி உலர்த்தி வைத்து, மழைக்கு வேலியோரம் ஊன்றலாம். விளக்காகி வாடிய ஓடு எருக்குழிக்கு உரியது.

இன்னும் ஓர் இடத்திலும் அக்கேள்வியைக் கேட்க வேண்டும். ஆயுத பூசை நாளில் நம் கடைகளிலும் பட்டறைகளிலும் வெண்பூசணியின் தலையில் ஒரு துண்டை எடுத்து, உள்ளே குங்குமமும் நாணயமும் இட்டு, கற்பூரம் ஏற்றிச் சுற்றி, வாசலுக்கு எதிரே சாலையில் உடைக்கிறார்கள். சதை வழுவழுப்பானது, நீர் மிக்கது. இரவில் அதைக் காண்பது அரிது. என் பழைய மாணவர் ஒருவர் தச்சுத் தொழில் செய்பவர். ஓராண்டு, பூசை முடிந்த மறுநாள் விடியற்காலையில் அவர் வேலைக்குச் செல்லும்போது, சிதறிக் கிடந்த பூசணியில் வண்டி வழுக்கி விழுந்தார். வலக்கை மணிக்கட்டு முறிந்தது. மூன்று திங்கள் அவர் உளி பிடிக்கவில்லை. கருவிகளைப் போற்றும் பூசைக்கு மறுநாள், கருவி பிடிக்கும் கை ஒன்று ஓய்ந்து கிடந்தது.

பூசணியை உடைத்தவர் தீயவர் அல்லர். தம் கடைக்கு நலம் வேண்டி உடைத்தவர். தம் வாசலைப் பற்றி நினைத்தார். உடைத்த பிறகு சாலையில் எஞ்சுவது என்ன என்று நினைக்க மறந்தார். அவ்வளவே. அவரை இகழ்வதால் பயன் இல்லை. காவல்துறையினரும் சாலையில் பூசணி உடைக்க வேண்டா என வேண்டிக்கொள்வதைச் செய்தித்தாள்களில் காண்கிறோம். ஆயினும், வீட்டுப் பிள்ளை அன்போடு சொல்லும் ஒரு சொல்லுக்கு உள்ள வலிமை அறிவிப்புக்கு இல்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். வரும் ஆயுத பூசையின்போது, பெரியவர்களின் நம்பிக்கையோடு வழக்காடாதீர்கள். உடைத்தே தீர வேண்டும் என்பாரிடம், வாசலின் ஓரத்திலோ அகன்ற சட்டியிலோ உடைக்கும்படி கேளுங்கள். உடைந்ததை அப்போதே அள்ளிவிட நீங்களே ஒரு துடைப்பத்தோடு நில்லுங்கள். உடைக்க வேண்டா என்று இசைவோர் வீட்டில், அக்காயைக் கேட்டு வாங்கி, மேலே சொன்ன முறையில் ஒரு முகம் வெட்டுங்கள். மீசை வைத்த நம் ஊர் முகமாகவே இருக்கட்டும். மாலையில் வாசல் திண்ணையில் ஏற்றி வையுங்கள். கண்ணேறு கழிக்க வேண்டும் என்று எண்ணுவோர்க்கு அந்த முகம் மனநிறைவு தரும். தெருவழி வருவோர்க்கு அது வெளிச்சமும் தரும்.

அடுத்த கைவேலை வகுப்பிலேயே தொடங்கலாம். பூசணி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டா. ஒரு பழைய அட்டையில் உங்கள் பெயரை எழுதுங்கள். எந்தெந்த எழுத்துக்குப் பாலம் வேண்டும் எனக் குறியுங்கள். பிறகு கத்தரிக்கோலை எடுங்கள்.